உப்பு வளையம்

வெர்லின் சமையலறை மேசையில் உட்கார்ந்து காலித் தயிர் டப்பாவின் விளிம்பைக் கத்தரிக்கோலால் நறுக்கிக்கொண்டிருந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஒரு ஆணியை அடுப்பில் காட்டிச் சூடேற்றி டப்பாவின் அடியில் துளைகள் போட்டான். பிறகு எழுந்து, வழக்கமாக அவன் நிமிர்ந்தும் பார்க்காத மேல் அலமாரிக்கு முன்னால் போய் நின்று, டப்பாவைத் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடி அளவு பார்த்தான். அங்கே என் ஆட்டுக்குட்டி இருந்தது. வெண்ணெய் நிற மெருகு போட்ட பீங்கான் குட்டி. கால்களை மடக்கிப் படுத்திருக்கும். கழுத்தில் இளஞ்சிவப்பு நாடா, முதுகில் செடி வைப்பதற்கான குழி.

"எதுக்கு அளவு பார்க்கிற?" என்றேன்.

"குட்டிக்குத்தான். ஜன்னல்ல இருக்கே ஒரு கொடி, அதை இதுல வைக்கலாம்னு பார்த்தேன். வியாழக்கிழமைக்கு முன்னாடி."

"முடியாது. வேற எதை வேணா எடுத்துக்கோ. அந்தப் பச்சை மீன் ஜாடியை எடுத்துக்கோ, அதுக்கு ஏற்கெனவே வால் போயிடுச்சு."

"சரிங்க முதலாளியம்மா" என்று சொல்லிவிட்டு டப்பாவை ஜன்னல் ஓரத்தில் கவிழ்த்து வைத்தான். ஒன்றை இரண்டு தடவை கேட்கிற வழக்கம் அவனுக்கு இல்லை. என்னை மாதிரி ஒருத்தியோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறான் என்றால் அதற்கு அந்தக் குணம்தான் காரணமாக இருக்கும். ஆனால் அன்றைக்கு அவன் கேட்காமல் விட்டது எனக்கு என்னவோ போல் இருந்தது.

வியாழக்கிழமை அவன் நெஞ்சைப் பிளந்து ஒரு வால்வை மாற்றப் போகிறார்கள். பன்றியிடமிருந்து எடுத்த வால்வு. இதைக் கேட்ட நாளிலிருந்து எங்கள் வீட்டில் பன்றித் தொடை சமைக்கவில்லை. "சொந்தக்காரங்களைச் சாப்பிடறது தப்பு" என்பான் வெர்லின். எல்லாவற்றுக்கும் ஒரு சிரிப்பு வைத்திருப்பான். டாக்டர் எங்களிடம் ஆபத்து இத்தனை சதவிகிதம் என்று சொன்னபோதுகூட, "சேல்ஸ்மேன் சொன்ன மாதிரி இருக்கு, இதை விடக் குறைஞ்சு வராதா?" என்று கேட்டான். நான்தான் மேசைக்குக் கீழே அவன் தொடையைக் கிள்ளினேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் கிராவல் ஃபோர்க்கில் டன்லீத் பீங்கான் ஆலைச் சட்டி இல்லாத வீடு கிடையாது. பூக்கடைகளுக்கென்றே அந்த ஆலையில் வார்த்தார்கள். பிள்ளை பிறந்தால் ஆட்டுக்குட்டி, தொட்டில், நாரை. கல்யாணம் என்றால் அன்னம். செத்தால் வெள்ளைக் கூடை. உள்ளே ஒரு செடியை நட்டு, ஒரு குட்டிக் கார்டைக் குத்தி ஆஸ்பத்திரிக்கோ சாவு வீட்டுக்கோ அனுப்புவார்கள். செடி ஒரு மாதத்தில் செத்துவிடும், சட்டி பரண் ஏறும். பிறகு ஒரு காலத்தில் வெளியூர்க்காரர்கள் வந்து அந்தச் சட்டிகளை நல்ல விலைக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். அவ்வளவுதான், ஊரே பைத்தியமானது. அந்தப் பைத்தியங்களின் சங்கத்துக்கு நான் செயலாளர். எங்கள் ஆட்களை அடையாளம் காண்பது சுலபம். எந்த வீட்டுக்குப் போனாலும், அது சாவு வீடாகவே இருந்தாலும், துக்கம் விசாரித்த கையோடு பூச்சட்டியைத் தலைகீழாகத் திருப்பி அடியில் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்போம்.

வெர்லினுக்குச் சட்டி பிடிக்காது, செடி பிடிக்கும். மாவட்ட சாலைத் துறை கராஜில் லாரி மெக்கானிக்காக இருந்து ரிட்டயர் ஆனபோது, கையில் ஒரு கடிகாரத்தோடும் பெட்டி நிறையச் செடிகளோடும் வீட்டுக்கு வந்தான். கராஜ் ஜன்னலில் வளர்த்தவையாம். எனக்கு ஜன்னல் பக்கம் சட்டிகள், அவனுக்கு ஜன்னல் பக்கம் செடிகள், வீட்டில் இருப்பதோ அதே ஜன்னல்கள். கொஞ்ச நாள் முட்டிக்கொண்டு ஒரு உடன்படிக்கைக்கு வந்தோம். என் சட்டிகளில் அவன் செடிகள் இருக்கலாம், ஆனால் என் சொல்படிதான். சட்டிக்குள் நேராக மண் போடக் கூடாது. அடியில் கூழாங்கல், அதன்மேல் மூடி ஏதாவது ஒன்று, அதன்மேல் துளையுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் செடி. தண்ணீர் ஊற்றும்போது டப்பாவைத் தனியாகத் தூக்கி சிங்க்கில் வைத்து ஊற்றி, ஒரு காபி குடிக்கிற நேரம் வடியவிட்டு, அடியைத் துடைத்துத் திரும்ப வைக்க வேண்டும். ஏனென்றால் இந்தப் பழைய மெருகில் மயிரிழை வெடிப்புகள் இருக்கும். தண்ணீர் அதில் இறங்கினால் மெருகுக்கு அடியில் உள்ள சுட்ட மண்ணில் ஊறிக் கறையாக வெளியே வரும். ஒரு நாள் மெருகு அப்பளம் போலப் பெயர்ந்து நிற்கும். வடிய வேண்டும் என்பதற்காகச் சட்டியிலேயே டிரில்லைப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பேசினால் என் வாய் கெட்டுப்போகும்.

வெர்லின் இதையெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தான். நான் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதும் உண்மை.

ஆட்டுக்குட்டி மட்டும் உடன்படிக்கையில் சேராது. அது நோலா ஜீனுக்கு வந்தது.

நோலா ஜீன் எங்கள் மகள். ஒரு பிப்ரவரியில், பனி கொட்டிக்கொண்டிருந்தபோது, மாசம் நிறையும் முன்னால் பிறந்தாள். பிறந்த அன்றைக்கே அவளைக் கொலம்பஸில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான் இங்கே ஊர் ஆஸ்பத்திரியில் தையல் போட்ட வயிற்றோடு கிடந்தேன். கராஜ் ஆட்கள் தொப்பியைச் சுற்றிவிட்டுக் காசு சேர்த்துப் பூக்கடைக்குச் சொல்லியிருக்கிறார்கள். பூக்கடைக்காரிக்குப் பெண் குழந்தை என்பதுதான் தெரியும், மற்றது தெரியாது. அதனால் இளஞ்சிவப்பு நாடா கட்டிய குட்டி, முதுகில் பச்சைக் கொடியோடு, குழந்தை இல்லாத என் அறைக்கு வந்து சேர்ந்தது. மகளுக்கு என்று உலகம் அனுப்பிய பொருள் அது ஒன்றுதான்.

வெர்லின் இரண்டு ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தான். சாலை முழுக்கப் பனி. அவனுடைய கராஜ் ஆட்களே முறை போட்டுக்கொண்டு, பனி தள்ளும் லாரியை அவன் வண்டிக்கு முன்னால் ஓட்டிப் பாதை போட்டுக்கொண்டு போனார்கள். மாவட்ட எல்லைக்கு அந்தப் பக்கம் அவர்களுக்கு வேலையே கிடையாது, ஆனாலும் போனார்கள். அவன் என் அறைக்குள் வருவான், நான் அவன் முகத்தைப் பார்ப்பேன், அவனுக்கு என்ன சொல்வதென்று தெரியாது. பல் தேய்க்க வைத்திருந்த குவளையில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஆட்டுக்குட்டியின் முதுகில் ஊற்றுவான். அடுத்த தடவை வருவான், மறுபடி ஊற்றுவான். சட்டியில் துளை கிடையாது, தண்ணீர் எங்கே போகும்? மண்ணுக்கு மேலே குளமாக நின்றது. அந்தக் குளத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குச் செய்தி வந்தது. அவள் ஒரு வாரம்கூட இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு குட்டி சமையலறை ஜன்னலில் பல நாள் அப்படியே இருந்தது. பனி உருகின பிறகு, ஒரு நாள் காலையில், கொடியைக் கரண்டியால் தோண்டி எடுத்துப் பின்பக்கக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அது பச்சையாக இருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. சட்டியை வெளியே துடைத்தேன். உள்ளே, தண்ணீர் தேங்கி நின்ற மட்டத்தில், வெள்ளையாக ஒரு வளையம் படிந்திருந்தது. எங்கள் ஊர்த் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், எதில் நின்றாலும் உப்புக் கட்டிவிடும். அதைச் சுரண்டக் கத்தியை எடுத்தேன். அப்புறம் கத்தியை வைத்துவிட்டேன்.

சங்கத்தில் சேர்ந்தபோது முதலில் கற்றுக்கொடுத்ததே உப்பு எடுப்பதுதான். வினிகரை ஊற்றி ஊறவிட்டால் போதும், காலையில் சட்டி பளிச்சென்று இருக்கும். நான் எத்தனை பேருடைய சட்டியை அப்படி எடுத்துக் கொடுத்திருக்கிறேன்! என் குட்டிக்குள் மட்டும் ஒரு சொட்டு விட்டதில்லை. தண்ணீரும் விட்டதில்லை, செடியும் வைத்ததில்லை. வெர்லினிடமும் இதைப் பற்றிப் பேசியதில்லை. சில விஷயங்களை எங்கள் பக்கத்து ஆட்கள் பேச மாட்டோம். பழைய துணியை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைப்பது மாதிரி வைத்துவிடுவோம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சர்ச்சின் கீழ்த்தள அறையில் சங்கக் கூட்டம். வருஷா வருஷம் வசந்தத்தில் 'செடியும் சட்டியும்' என்று நான் ஒரு பேச்சுப் பேசுவேன். வெர்லினையும் இழுத்துக்கொண்டு போனேன். வீட்டில் தனியாக உட்கார்ந்து வியாழக்கிழமையை நினைத்துக்கொண்டிருப்பானே என்றுதான். அவன் கடைசி வரிசையில் உட்கார்ந்து ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட பலகாரத்தைத் தின்றுகொண்டிருந்தான். நான் கூழாங்கல்லைக் காட்டி, மூடியைக் காட்டி, டப்பாவைக் காட்டி முடித்ததும் லவோன் கையைத் தூக்கினாள். லவோன் என் சிநேகிதி. எங்கள் தெருவுக்குக் குடிவந்து இருபது வருஷம் இருக்கும். நல்ல மனசு, வாயில் மட்டும் கதவு கிடையாது.

"ஏண்டி கிளென்னா, எங்களுக்கெல்லாம் இவ்வளவு சொல்றியே, உன் வீட்டு ஆட்டுக்குட்டிக்குள்ள உப்பு ஏறிக் கிடக்கே! நான் பார்த்துட்டேன். ஒரே ஒரு தடவை வினிகர்ல ஊற வையேன். இப்படியே விட்டா பாதி விலைதான் தேறும் அதுக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "அது விற்கறதுக்கு இல்லடி" என்றேன். கடைசி வரிசையில் வெர்லின் கையில் இருந்த கரண்டி வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றிருந்தது.

திரும்பி வரும்போது வண்டியை நான்தான் ஓட்டினேன், அவன் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சோளக் காட்டுப் பக்கம், வண்டியை நிறுத்திப் பார்த்துப் போக வேண்டிய சந்திப்புக்கு வந்தபோது கேட்டான்.

"அந்த வளையம் இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"நீ கழுவியிருப்பேன்னுல்ல நினைச்சுட்டிருந்தேன்."

"அதைக் கழுவற கை எனக்கு ஏது?"

வண்டி நின்றுகொண்டிருந்தது. நான் எடுக்கவில்லை. அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னான்.

"கிளென்னா, அந்தக் கொடிக்கு நான் கேட்டது வேற யாரோட சட்டியும் இல்ல. அதோட சொந்த சட்டியைத்தான் கேட்டேன்."

"என்ன உளர்ற?"

"நீ தோண்டிப் போட்ட அன்னைக்கு, குப்பை வண்டி வர்றதுக்குள்ள எடுத்துட்டேன். காபி டின்ல வச்சுக் கராஜுக்குக் கொண்டுபோயிட்டேன். அதுதான் இது. நீளமா வளரும், வெட்டித் தண்ணில போடுவேன், வேர் விடும், மறுபடி நடுவேன். அதேதான்."

"இத்தனை வருஷமாவா?"

"இத்தனை வருஷமாத்தான்."

"வீட்டுக்குக் கொண்டுவந்தப்பவாவது சொல்லியிருக்கலாமேடா பாவி!"

"சொல்லலாம்னுதான் கொண்டுவந்தேன். நீ அதைப் பார்த்துட்டு, 'இது என்ன சவசவன்னு ஒரு செடி, இதைப் போய் யாராவது வளர்ப்பாங்களா'ன்னு கேட்டே. அதுக்கப்புறம் எங்கே சொல்றது?"

அழுதுகொண்டே சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவன் தோளில் ரெண்டு போட்டேன், நெஞ்சு நோய்க்காரன் என்பதால் மெதுவாக. பின்னால் ஒரு டிரக் வந்து நின்றது. ஹாரன் அடிக்காமல் காத்திருந்து, பிறகு ஒரு ஆள் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டி, "எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டான். "எல்லாம் நல்லா இருக்குப்பா" என்றேன். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அவன் நம்பாமல் வெர்லினைப் பார்த்தான். "என் பொண்டாட்டிக்குச் செடின்னா உயிர்" என்றான் வெர்லின். அந்த ஆள் தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டான்.

மீதியை வீட்டு வாசலில், வண்டியிலிருந்து இறங்காமலே கேட்டேன். கராஜில் எல்லோருக்கும் தெரியுமாம். 'பாப்பாவோட செடி' என்றுதான் பெயராம். வெர்லின் லீவில் போனால் யாராவது ஒருவர் தண்ணீர் ஊற்றுவாராம். ஒரு குளிர்காலத்தில் கராஜின் ஹீட்டர் நின்றுபோக, டெல்மர் என்று ஒரு டிரைவர், ஆறடி மனுஷன், என்னைக் கண்டால் தொப்பியைத் தொடுவதற்குமேல் ஒரு வார்த்தை பேசாதவன், அந்தக் காபி டின்னைத் தன் லாரி கேபினில் ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊர் முழுக்கப் பனி தள்ளினானாம். இத்தனை ஆண்களும் இத்தனை வருஷமும் என் மகளின் செடியைக் காப்பாற்றியிருக்கிறார்கள். கடையில் பார்த்திருக்கிறேன், சர்ச்சில் பார்த்திருக்கிறேன், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. டெல்மர் செத்துப் பல வருஷமாகிறது. அவன் சாவுக்குப் போய், வழக்கம்போல வெள்ளைக் கூடையைத் திருப்பி முத்திரை பார்த்துவிட்டு வந்தவள் நான். அவன் கையைப் பிடித்து நன்றி சொல்ல எனக்கு வழி இல்லாமல் போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுடைய கையைப் பிடித்துச் சொன்னேன். யாராவது ஒரு பாத்திரம் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தால்கூட நன்றிக் கார்டு போடுகிற பெண் நான். அன்றைக்கு அந்த வார்த்தை எவ்வளவு சின்னது என்று தெரிந்தது. ஆனாலும் சொன்னேன். வேறு வார்த்தை என்னிடம் இல்லை.

புதன்கிழமை குட்டியை இறக்கினேன். துண்டை விரித்து அதன்மேல் வைத்தேன். கூழாங்கல்லை ஒவ்வொன்றாகத் துடைத்துப் போட்டேன், ஜாம் பாட்டில் மூடியை வைத்தேன், அவன் வெட்டி வைத்திருந்த தயிர் டப்பாவைக் கொடியோடு இறக்கினேன். கன கச்சிதமாக உட்கார்ந்தது. டப்பாவுக்கும் சட்டிக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி, அதற்குள் எட்டிப் பார்த்தால் வளையம் தெரிந்தது.

"கேட்டுக்கோ. அந்த வளையத்துல ஒரு சொட்டுத் தண்ணி படக் கூடாது" என்றேன்.

"படாது."

"சிங்க்குல வச்சுத்தான் ஊத்தணும்."

"நான் எங்கே ஊத்தப் போறேன்? நாளைக்கு நான் படுத்திருப்பேன். சனிக்கிழமை நீதான் ஊத்தணும். மறந்துடாதே, சிங்க்குல வச்சு."

"எனக்கே சொல்லித் தர்றியா நீ?"

இலைகள் குட்டியின் கழுத்து நாடாமேல் விழுந்திருந்தன. மணி பிளாண்ட் மாதிரியான சாதாரண இலை, யாரும் திரும்பிப் பார்க்காத செடி. குட்டியை ஜன்னலில் வைத்துவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கொலம்பஸில் அதே பெரிய ஆஸ்பத்திரிதான், இப்போது கட்டடம் மட்டும் வேறு. லவோன்தான் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தாள். வெர்லினைத் தள்ளிக்கொண்டு போனபோது, "ஓய்ங்க் ஓய்ங்க்" என்று பன்றி மாதிரிக் கத்திக்காட்டிவிட்டுப் போனான். கதவு மூடியது. அதற்குப் பிறகு நாங்கள் காத்திருக்கும் அறையில் உட்கார்ந்திருந்தோம். லவோனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நோலா ஜீனையும் வளையத்தையும் கொடியையும். அவள் முகம் சுருங்கிப்போனது. "நான் ஒரு கழுதைடி. வினிகர் வினிகர்னு உன் உயிரை எடுத்திருக்கேனே" என்று என் கையைப் பிசைந்தாள். அவளை எப்படித் தேற்றுவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் கண் ஓரத்து மேசைக்குப் போய்விட்டது. அங்கே ஒரு பழைய சட்டியில் ஒரு செடி இருந்தது. "டன்லீத் மாதிரி இருக்கே" என்று எழுந்து போய், அப்படியே தூக்கித் தலைக்கு மேலே பிடித்து அடியைப் பார்த்தாள். யார் ஊற்றி வைத்த தண்ணீரோ, மொத்தமும் அவள் மார்பில் கொட்டியது. ஒரு கத்தல் கத்தினாள் பாருங்கள், நர்ஸ் ஓடி வந்தாள். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்தவர்கள் எனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று நினைத்திருப்பார்கள். சொட்டச் சொட்ட நின்றபடி லவோன் சொன்னாள், "முத்திரை இல்லடி. போலி."

சாயங்காலம் டாக்டர் வந்தார். வால்வு பொருந்திவிட்டது, ஆனால் ரத்தக் கசிவு நிற்கவில்லை, மறுபடி திறந்து பார்க்க வேண்டும் என்றார். மறுபடி திறந்தார்கள். வெள்ளிக்கிழமை முழுக்க அவன் கண் திறக்கவில்லை. குழாய்களுக்கு நடுவில் கிடந்தான். நான் பேசினேன், கேட்டதா என்று தெரியவில்லை. முன்பு இதே ஆஸ்பத்திரியில் அவன் ஒருவனாக நின்றிருப்பான், ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால். அப்போது நான் பக்கத்தில் இல்லை. அவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

சனிக்கிழமை காலை லவோன் என்னை வற்புறுத்தி வீட்டுக்கு அழைத்துவந்தாள். குளித்து வேறு துணி மாற்றிக்கொண்டு திரும்பிவிடலாம், ஏதாவது என்றால் போன் வரும் என்றாள். அவள் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. போன் பக்கத்தில் நின்றேன், போன் அடிக்கவில்லை. சனிக்கிழமை என்பது ஞாபகம் வந்து எல்லாச் செடிக்கும் தண்ணீர் ஊற்றினேன். பிறகு குளித்தேனா, துணி மாற்றினேனா என்பதெல்லாம் சரியாக நினைவில்லை. பாதி வழியில் எங்கோ லவோன் எனக்கு ஒரு டோனட் வாங்கித் தந்தாள், அது மட்டும் ஞாபகம் இருக்கிறது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நர்ஸ் வாசலிலேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். "முழிச்சுட்டாரு. கண்ணைத் திறந்ததும் திறக்காததுமா முதலாளியம்மா எங்கேன்னு கேட்கிறாரு. யாருங்க அது?" என்றாள்.

அந்த நர்ஸுக்கு, ரத்தம் கொடுத்த யாரோ ஒருவருக்கு, அந்தப் பன்றிக்குக்கூட, வாய்விட்டு நன்றி சொன்னேன்.

அவன் வீட்டுக்கு வந்து சேர ரெண்டு வாரம் ஆனது, அதுவரை நானும் கொலம்பஸிலேயே தங்கிவிட்டேன். நாலு லிட்டர் பால் கேனைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது, சிரித்தாலோ இருமினாலோ ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்கென்றே சிவப்பாக, இதய வடிவத்தில் ஒரு தலையணையும் கொடுத்திருந்தார்கள். அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தவன் நேராகச் சமையலறை ஜன்னலுக்குப் போனான். நான் அவன் மாத்திரைகளை டப்பாவில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"கிளென்னா, இங்கே வா."

குரல் ஒரு மாதிரியாக இருந்தது. மாத்திரைகளை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். தயிர் டப்பாவைக் குட்டியிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். கொடியில் புதிதாக ஒரு இலை சுருள் அவிழ்ந்துகொண்டிருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருந்தது அதை அல்ல, சட்டிக்குள். நானும் எட்டிப் பார்த்தேன். கூழாங்கற்கள் தண்ணீரில் கிடந்தன. பாதி வற்றியிருந்தது. பழைய வளையத்துக்குக் கீழே, அதை ஒட்டி, இன்னொரு வளையம் மெல்லிசாகப் படிந்திருந்தது.

"செயலாளரம்மா, இது யார் செஞ்ச வேலை?"

அப்போதுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது. கோட்டோடு நின்றேன். போன் அடிக்கவில்லை. சிங்க் ஓரத்தில் இருந்த குவளையில் தண்ணீரைப் பிடித்துக் குட்டியின் முதுகில் ஊற்றினேன். போனைப் பார்த்தேன். மறுபடி பிடித்து ஊற்றினேன். எத்தனை குவளை ஊற்றினேன் என்று சத்தியமாகத் தெரியாது. அன்றைக்கு என் ஆஸ்பத்திரி அறைக்குள் வந்து நின்றவன் ஏன் பேசாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தான் என்பது, இத்தனை வருஷம் கழித்து, என் கைக்குத் தெரிந்திருக்கிறது.

"நான்தான்" என்றேன். "நீ முழிக்கலைன்னு... எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல, வெர்லின்."

அவன் டப்பாவை மெதுவாக மேசையில் வைத்தான். அவன் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு வந்தது.

"வினிகர் எடுத்துட்டு வரட்டுமா?"

"தொட்டுப் பாரு. உன் பன்றி வால்வைப் பிடுங்கிடுவேன்."

தலையணையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தான். நான் ஆட்டுக்குட்டியைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். கூழாங்கற்கள் சரிந்து உருண்டன. மிச்சமிருந்த தண்ணீர் ஒரு பக்கமாக ஓடி வந்து, கீழ் வளையத்தைத் தாண்டி, மேல் வளையத்தைத் தொட்டு நின்றது.